பதினேழரை கெஜம்

மூன்றாவது சுற்று முடிந்து மணி அடித்தபோது, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு எந்த நிமிஷமும் அறுந்துவிடும் போலிருந்தது. புளியமரத்துக் கிளைகளில் தொங்கியவர்கள் கீழே குதித்துவிட்டார்கள். மற்ற ஐந்து பேரும் அரை ஃபர்லாங்கு பின்னால் கிடக்க, செட்டியார்பட்டி சங்கையா தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தான். தலை ஆடவில்லை, தோள் ஆடவில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு இயந்திரம் ஓடுவதுபோல ஓடினான்.

முடிவுக் கோட்டருகே ஏணிப்படி மாதிரி செய்த பெஞ்சில் நேசையன் உட்கார்ந்திருந்தார். வலது கைக்குள் ஸ்டாப்வாட்ச். கூட்டம் என்ன கத்தினாலும் அவர் கண் கோட்டுக்குக் குறுக்கே பிடித்திருந்த நூலைவிட்டு நகராது. சங்கையாவின் நெஞ்சு நூலில் பட்ட கணத்தில் கட்டைவிரல் அழுந்தியது. குனிந்து பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். அதுவரை இந்தியாவில் ஒரு மைல் ஓட்டத்துக்கு இருந்த ரெக்கார்டைவிட ஒரு விநாடியும் ஐந்தில் ஒரு பங்கும் குறைவு. கூட நேரம் பார்த்த மற்ற இரண்டு பேருடைய வாட்சுகளும் அதையே சொல்லின.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை அது, 1937-ஆம் வருஷம். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற பாதையில் கிடந்த தரிசைச் செதுக்கித்தான் அந்த மைதானத்தைப் போட்டிருந்தார்கள். பட்டணத்திலோ லாகூரிலோ நடக்க வேண்டிய காரியம் நம்ம ஊர்த் தரிசில் நடந்துவிட்டதே என்று ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சங்கையாவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவனைக் கீழே இறக்கச் செட்டியார்பட்டி எல்லை வரவேண்டியிருந்தது.

சங்கையா சாதாரண ஆள் இல்லை. பெங்களூர்ப் பட்டாளத்தில் நாயக். ஏற்கெனவே ஒரு முறை இந்தியாவுக்காகக் கப்பலேறிப் போய் ஓடிவிட்டு வந்தவன். அடுத்த கப்பலில் யார் யார் போவது என்று மாசி மாதத்துக்குள் முடிவாகும் என்று பேச்சு. அந்த நேரத்தில் இந்த ரெக்கார்ட்.

நேசையனும் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். வயது நாற்பத்திரண்டு. முதன்முதலாக அவர் போட்டி மைதானத்தில் நின்றது முடிவுக் கோட்டில் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு. அடுத்து கோடு கிழிக்கிறவர், அடுத்து துப்பாக்கி சுட்டு ஓட்டத்தைக் கிளப்புகிறவர், பிறகு ஜட்ஜு, கடைசியில் வாட்ச் பிடிக்கிறவர். பதினான்கு வருஷத்தில் ஜில்லாவில் அவர் இல்லாமல் ஒரு போட்டி நடந்ததில்லை. முன்னால் காலெடுத்து வைத்தவன் ஜமீன்தார் பிள்ளையாக இருந்தாலும் பின்னால் போய் நிற்கச் சொல்லுவார். ஐந்து வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு போட்டி. இதே சங்கையாவும் ஒரு திருச்சிக்காரனும் நெஞ்சுக்கு நெஞ்சு வந்து விழுந்தார்கள். சங்கையா ஒரு சாண் பின்னால் என்று தீர்ப்புச் சொன்னவர் நேசையன். சொந்த ஜில்லாக்காரனையே கவிழ்த்துவிட்டார் என்று அன்றைக்குப் பலர் பேசினார்கள். சங்கையா பேசவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்லுவதை நிறுத்திவிட்டான்.

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ரெக்கார்ட் பாரத்தில் கையெழுத்துப் போட்டபோது நேசையனுக்கு உள்ளுக்குள்ளே ஒரு நிம்மதி. கூட்டத்தின் நடுவிலிருந்து சங்கையா அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்ததுகூட அவர் கண்ணில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, போட்டி முடிவுகளை நோட்டில் பிரதி எடுக்க உட்கார்ந்தார். போன வருஷ நோட்டும் பக்கத்தில் இருந்தது. கூமாப்பட்டி ஐயாதுரை என்று ஒரு பையன், நானூற்று நாற்பது கெஜம் ஓடுகிறவன். மூன்று வருஷமாக அவனுடைய நேரம் அசைந்ததே இல்லை. நேற்று அரை விநாடி குறைத்திருந்தான். சந்தோஷமாக எழுதினார். அவனுக்கு அடுத்து வந்தவனும் அரை விநாடி குறைத்திருந்தான். அதற்கடுத்தவனும் அப்படியே. நேசையன் பேனாவைக் கீழே வைத்தார். எண்ணூற்று எண்பது கெஜத்தைப் புரட்டினார். எல்லாருக்கும் ஒரு விநாடிக்கு மேலே குறைந்திருந்தது. மைலைப் பார்த்தார், கடைசியாக வந்தவனுக்குக்கூட இரண்டரை விநாடி குறைந்திருந்தது. நூறு கெஜ ஓட்டத்தில் மட்டும் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

அவர் மனைவி தேவகிருபை, பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு செத்த நேரம் பார்த்தாள்.

"அரை, ஒண்ணு சில்லறை, ரெண்டரை," என்றாள். "தூரம் ரெட்டிக்க ரெட்டிக்க இதுவும் ரெட்டிக்குது. இது காலு கூட்டுன வேகம் மாதிரி தெரியலே. வாய்ப்பாடு மாதிரில்லா இருக்கு."

நூறு கெஜத்தை அவர் டேப் வைத்து அளந்திருந்தார். சுற்று ஓட்டத்துக்கான வட்டத்தை மட்டும், டேப் போதாமல், ரோடு காண்ட்ராக்டர் வேல்சாமியிடம் இரவல் வாங்கிய சங்கிலியால் அளந்தார். அந்தச் சங்கிலி இருபத்திரண்டு கெஜம், அதில் நூறு கண்ணி. இருபது சங்கிலி சேர்ந்தால் ஒரு சுற்று. நேசையன் நோட்டை மூடி வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனார். வேல்சாமி வீட்டுக் கொட்டகையில் சங்கிலி சாக்குக்குள் கிடந்தது. வெளியே இழுத்துப் போட்டு, மண்டியிட்டு, ஒவ்வொரு கண்ணியாக விரலால் தொட்டு எண்ணினார். தொண்ணூற்றொன்பது. திரும்பவும் எண்ணினார். தொண்ணூற்றொன்பதுதான். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும்; ஆறாவது வில்லைக்கும் ஏழாவது வில்லைக்கும் நடுவே ஒன்பதுதான் இருந்தது.

வேல்சாமி பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே விவரம் சொன்னார். போன மழையில் ஒரு கண்ணி அறுந்துவிட்டதாம். அதை எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோத்துவிட்டார்களாம். ரோட்டுக்குக் கல் கொட்ட ஒரு கண்ணி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டார்.

ஒரு கண்ணி ஏறக்குறைய எட்டு அங்குலம். இருபது சங்கிலிக்கு இருபது கண்ணி. நாலு சுற்றுக்கு எண்பது. நேசையன் மனக்கணக்காகவே போட்டுவிட்டார். மைலில் பதினேழரை கெஜம் குறைவு. சங்கையா ஓடும் வேகத்தில் பதினேழரை கெஜம் என்றால் இரண்டரை விநாடிக்கு மேலே. அவன் ரெக்கார்டை முறியடித்தது ஒன்றேகால் விநாடிகூட இல்லை.

சங்கிலியை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது. தூரம், நேரம், முன்கால், பின்கால் என்று ஊரெல்லாம் கண்டித்துத் திரிந்த மனிதர், இரவல் வாங்கிய சங்கிலியை ஒரு தடவை எண்ணிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் நேராக வக்கீல் உப்பிலியின் வீட்டுக்குப் போனார். உப்பிலி ஜில்லா ஓட்டப்பந்தயச் சங்கத்தின் தலைவர். ஆண்டாள் கோவில் தெருக்காரர். கோர்ட்டில் எதிராளி வாயைத் திறக்கவிடாமல் பேசுவார். அன்றைக்கு வந்த மதுரைப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். அதில் சங்கையா படம். புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊர்வலம், நாயனம், தேரடியில் கூட்டம், பட்டுச் சால்வை எல்லாம் ஏற்பாடாகியிருந்தன. நேசையன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

பிறகு, பாரம் பட்டணத்தில் மாகாணச் சங்கத்துக்குத் தபாலில் போய்விட்டது என்றார். சங்கிலி விஷயம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்றார். வேல்சாமி சொல்லப் போவதில்லை, நானும் சொல்லப் போவதில்லை என்றார். ஒரு ஏழைப் பையன் கப்பலேறுகிற சமயத்தில் ஏணியை உருவுவது தர்மமா என்றும் கேட்டுப் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்," என்றார் நேசையன். "ஒரு மைல்னு எழுதிப் போட்டிருக்கேன். அது மைல் இல்லே."

உப்பிலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓய், ஒம்ம கழுத்துக்குத்தான் கத்தி வரும். தெரியுமோன்னோ?"

"தெரியும் சார். பட்டணத்துக்கு எழுதுறதுக்கு முந்தி அந்தப் பையன்கிட்டே நேர்ல சொல்லணும்."

செவ்வாய்க்கிழமை காலையில் செட்டியார்பட்டிக் கண்மாய்க் கரையில் சங்கையாவைப் பிடித்தார். லீவில் வந்தாலும் அவன் இரண்டு வேளையும் ஓடுவான். அப்போதுதான் ஓடி முடித்து, மேலெல்லாம் வேர்வை வழிய, சொந்தக்காரர்கள் சூழ நின்றுகொண்டிருந்தான். நேசையன் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். கேரியரில் கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்துத் தரையில் போட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சங்கையா, நீ ஓடுனது மைல் இல்லே. பதினேழரை கெஜம் கொறைச்சல். இந்தச் சங்கிலியிலே ஒரு கண்ணி இல்லே. அளந்தது நான். தப்பு என்னுது. ஆனா அந்த ரெக்கார்டு நிக்காது."

சங்கையா சங்கிலியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். முகத்திலிருந்த வேர்வையைத் துடைக்கக்கூட இல்லை.

"ஓடும்போது சொன்னியளா? கையெழுத்துப் போடும்போது சொன்னியளா? ஊரு கூடி மால போட்ட பொறவு வந்து சொல்லுதிய."

"அப்பம் எனக்குத் தெரியாது."

"மதுரையிலே ஒரு சாண்னு சொன்னிய. இன்னைக்குப் பதினேழரை கெஜம்ங்கிய." அவன் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீங்க கோடு போட்டிய, நான் ஓடுனேன். எங்காலு கூடவும் ஓடலே, கொறையவும் ஓடலே. எம்மேல ஒங்களுக்கு அப்படி என்ன சார் ஆத்திரம்?"

நேசையன் குனிந்து சங்கிலியைச் சுற்ற ஆரம்பித்தார். ஆத்திரம் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். சங்கையாதான் கையை நீட்டி அவர்களை மறித்தான். ஆனால் அன்று சாயங்காலமே பட்டணத்துக்குத் தந்தி அடித்தான்: பழைய விரோதத்தை வைத்து டிரில் மாஸ்டர் தன் ரெக்கார்டைக் கெடுக்கிறார், அவரை நீக்க வேண்டும் என்று. நேசையனும் அதே தபாலாபீசிலிருந்து, அதே சாயங்காலம், அளவில் தவறு, தவறு என்னுடையது என்று தந்தி கொடுத்தார். இரண்டு தந்தியும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

புதன்கிழமை ஊர்வலம் நின்றுபோயிற்று. நாயனக்காரர்கள் திரும்பிப் போனார்கள். விஷயம் காட்டுத்தீயாகப் பரவியது. பள்ளிக்கூடச் சுவரில் நேசையனைப் பற்றிக் கரித்துண்டால் ஏதேதோ எழுதியிருந்தார்கள். ராஜபாளையத்தில் காப்பிக் கிளப்பு வைத்திருந்த தெலுங்குக்காரர், எப்போதும் "ரண்டி மாஸ்டர்காரு" என்று வரவேற்று எழுந்து நிற்பவர், அன்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தேவகிருபையிடம் அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து, ஓடுன அண்ணன் பாவமில்லையா டீச்சர் என்று கேட்டாளாம். அவள் கரும்பலகையில் சங்கிலிக் கணக்கை அப்படியே எழுதிப் போட்டு, வகுப்பு முழுவதையும் போடச் சொன்னாள். நாற்பது சிலேட்டிலும் பதினேழரைதான் வந்தது.

வியாழக்கிழமை பட்டணத்திலிருந்து உப்பிலிக்குத் தந்தி வந்தது. மதுரையிலிருந்து, சங்கத்தைச் சேர்ந்த ஒரு ஓவர்சியர் வருவார். வெள்ளிக்கிழமை இரு தரப்பையும் வைத்துக்கொண்டு மைதானத்தைத் திரும்ப அளப்பார். விசாரணை முடியும்வரை நேசையன் எந்தப் பொறுப்பிலும் இருக்கக் கூடாது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக நேசையன் விசிலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மைதானத்தில் ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். ஓட்டத்தைப் பார்க்க வந்த கூட்டத்தைவிட அளப்பதைப் பார்க்க வந்த கூட்டம் அதிகம் என்று உப்பிலி சொன்னார். ஓவர்சியர் தடித்த மனிதர், பேச்சுக் குறைவு. தோல் உறையிலிருந்து எஃகு டேப்பை உருவினார். முனையைப் பிடிக்க ஒரு ஆளைக் கூப்பிட்டார். சங்கையா முன்னால் வந்தான்.

"நான் பிடிக்கேன் சார்," என்றான். "மத்தவங்க பிடிச்சா எனக்கு நம்பிக்கை வராது."

கயிற்றுக்கு வெளியே நின்று நேசையன் பார்த்துக்கொண்டிருந்தார். தான் அடித்த முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாக அவர்கள் கடந்து போவதைப் பார்க்கும்போது, தன் வீட்டுக்குள் போலீஸ்காரர் சோதனை போடுவதைப் பார்ப்பதுபோல இருந்தது. ஓவர்சியர் ஒவ்வொரு தடவையும் எண்ணை உரக்கச் சொன்னார். கூட்டமும் கூடவே எண்ணியது. சுற்று முழுவதும் வந்தாயிற்று. டேப் புறப்பட்ட குச்சியைத் தொட்டது. ஓவர்சியர் சொன்ன எண் நானூற்று நாற்பது இல்லை. அவர் டேப்பை மேலும் இழுத்துக்கொண்டு நாலு தப்படி முன்னால் நடந்து, ஒரு புதுக் குச்சியை அடித்தார். கூட்டத்தில் எண்ணும் சத்தம் நின்றுபோனது.

பழைய குச்சிக்கும் புதுக் குச்சிக்கும் நடுவே சங்கையா நடந்து பார்த்தான். ஒரு சுற்றுக்கு அவ்வளவு. நாலு விரலை மடக்கினான். பதினேழு கெஜம், இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு என்று ஓவர்சியர் கணக்குச் சொன்னார்.

சங்கையா டேப் முனையைக் கீழே வைத்தான். "நாளைக்கு ஓடுனா எழுதுவியளா சார்?" என்று ஓவர்சியரைக் கேட்டான். "ஞாயித்துக்கெழமை ரயிலுக்கு நான் போயாகணும்."

ஓவர்சியர் யோசித்தார். மைதானத்தை இன்றைக்கே சரி செய்து தான் எழுதிக் கொடுக்கலாம் என்றார். போட்டி பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும், கூட ஓட ஆட்கள் வேண்டும், மூன்று ஸ்டாப்வாட்ச் வேண்டும் என்றார். உப்பிலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தோற்ற கேசுக்கு அப்பீல் கிடைத்த வக்கீல் மாதிரி அங்குமிங்கும் ஓடினார். பட்டணத்துக்குத் தந்தி. தண்டோராக்காரனுக்கு ஆள். கூமாப்பட்டிக்குப் பஸ்ஸில் ஒரு ஆள், ஐயாதுரையையும் அவன் கூட்டாளிகளையும் கூட்டிவர. மூன்று ஸ்டாப்வாட்ச் என்றபோதுதான் சிக்கல் வந்தது. ஓவர்சியரிடம் ஒன்று, உப்பிலியிடம் ஒன்று. மூன்றாவது நேசையனுடையது. அதை அவரிடம் வாங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றார் ஓவர்சியர்.

"வேண்டாம் சார்," என்றான் சங்கையா. "கடியாரம் அவரு கையிலேயே இருக்கட்டும்."

உப்பிலி திகைத்துப் போனார். நேற்றுவரை அவரை நீக்கச் சொன்னவன் நீதானே என்றார்.

"ஆமா. அவரு எனக்கு வேண்டியவரு இல்லே. அதுக்குத்தான் சொல்லுதேன்." கயிற்றுக்கு வெளியே நின்ற நேசையனைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னான். "நம்ம ஆளுக மூணு பேரும் ஒத்துக்கிட்டா, நாளைக்கு எவனும் ஒரு நொட்டை சொல்லலாம். இவரு ஒத்துக்கிட்டா எவனும் வாய் தொறக்க முடியாது."

பட்டணத்துக்கு இன்னொரு தந்தி போயிற்று. அந்த ஒரு போட்டிக்கு மட்டும் அனுமதி, ஓட்டக்காரரின் வேண்டுகோளின்பேரில், என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலையிலேயே நேசையனும் தேவகிருபையும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். ஓவர்சியரின் அனுமதியோடு ஒரு தடவை, அவர் அளந்ததையே திரும்ப அளந்தார்கள். தேவகிருபை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை. நாலரை மணிக்கு ஓட்டம். மூன்று மணிக்கே ரோட்டில் மாட்டுவண்டிகள் ஒரு மைல் நீளத்துக்கு நின்றன. மலைப் பக்கமிருந்து காற்று இல்லை. மேகம் மட்டும் கட்டியிருந்தது.

ஆறு பேர் கோட்டில் நின்றார்கள். துப்பாக்கி வெடித்தது. கூமாப்பட்டி ஐயாதுரை எடுத்த எடுப்பிலேயே முன்னால் பாய்ந்தான். ஒரு சுற்றுக்காரன் அவன். மைலை முடிக்க முடியாது என்று அவனுக்கே தெரியும். முடிந்த மட்டும் இழுத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தானாம். சங்கையா அவன் குதிங்காலைப் பிடித்துக்கொண்டே ஓடினான். முதல் சுற்று வேகமாக வந்தது. இரண்டாம் சுற்றிலும் நேரம் குறையவில்லை. ஐயாதுரை ஒதுங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைக் கவ்வியபடி கீழே உட்கார்ந்தான்.

மூன்றாவது சுற்றில்தான் நிலைமை கெட்டது. தனியாக விடப்பட்டதும் சங்கையாவின் கால் தளர்ந்தது. தோள் லேசாக ஆட ஆரம்பித்தது. சென்ற சனிக்கிழமை ஆடாத தோள். மணி அடித்தபோது நேசையன் வாட்சைப் பார்த்தார். கடைசிச் சுற்றை அறுபத்தாறு விநாடிக்குள் முடித்தாக வேண்டும். கத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அது தெரியாது. நேசையனுக்குத் தெரியும். ஓடு, ஓடு என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். வாட்ச் பிடிக்கிறவன் அப்படிச் சொல்லக் கூடாது என்பது அந்த நேரம் அவருக்கு நினைவில்லை.

எதிர்ப்பக்க நேர்கோட்டில் சங்கையா தலையைத் தூக்கினான். எங்கிருந்து வந்ததோ, கால் நீண்டது. ஒவ்வொரு எட்டும் ஒரு கை கூடியது. வளைவில் திரும்பும்போது கயிற்றை ஒட்டிக் கூட்டமும் சேர்ந்து ஓடியது. தெலுங்கிலும் தமிழிலும் ஒரே இரைச்சல். கடைசி ஐம்பது கெஜத்தில் அவன் முகம் கோணிப்போயிருந்தது, வாய் திறந்திருந்தது. நேசையன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தார். நூல் அறுந்தது. கட்டைவிரல் அழுந்தியது.

மூன்று பேரும் ஒருவரிடம் ஒருவர் காட்டாமல் படித்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் நடுவில் இருப்பதே கணக்கு. உப்பிலி முதலில் சொன்னார். பழைய ரெக்கார்டைவிட ஐந்தில் இரண்டு பங்கு விநாடி குறைவு. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஓவர்சியர் தன் வாட்சை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, பழைய ரெக்கார்டுக்குச் சரி, குறையவும் இல்லை கூடவும் இல்லை என்றார். ஆர்ப்பரிப்பு பாதியில் அறுந்தது.

எல்லாக் கண்ணும் நேசையன் கைக்குத் திரும்பின. கோட்டுக்கு அப்பால் சங்கையா மண்ணில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சு துருத்தி போல ஏறி இறங்கியது. தலையை மட்டும் திருப்பினான்.

"அவரு கடியாரம் என்ன சொல்லுது?"

நேசையன் பெஞ்சிலிருந்து இறங்கி வந்தார். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. கயிற்றோரம் நின்ற தேவகிருபைக்கு அதிலேயே விடை தெரிந்துவிட்டது. குனிந்து, வாட்சை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நீயே படி. அஞ்சுல ஒரு பங்கு கொறைச்சல். மைல் முழு மைலு. ரெக்கார்டு ஒன்னுது."

சங்கையா முள்ளைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். பிறகு வாட்சைப் பிடித்திருந்த அந்தக் கையை வாட்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். உப்பிலி அறிவிப்பை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கயிறு அறுந்தது. இந்த முறை தூக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். டிரில் மாஸ்டரைத் தூக்கியவர்களில் செட்டியார்பட்டிக் கண்மாய்க் கரையில் முன்னால் பாய்ந்து வந்த அந்த இரண்டு பேரும் இருந்தார்கள். அவர் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையம் ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. சங்கையா பெட்டி வாசலில் நின்று மாலைகளைக் கழற்றிக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நேசையனைக் கண்டதும் கீழே இறங்கினான். தந்திப் பேச்சை எடுத்தான். தன் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகப் பட்டணத்துக்கு எழுதிவிட்டதாகச் சொன்னான். எழுதினாலும் தனக்குத் தண்டனை உண்டு, அது நியாயம்தான் என்றார் நேசையன். வண்டி விசில் ஊதியது.

"சார், ஒண்ணு கேக்கணும்," என்றான் சங்கையா. "எங்க பட்டாளத்து மைதானத்தை யாரு அளந்தான்னே தெரியாது. அஞ்சு வருசமா அதுலதான் ஓடுதேன். ஒருக்கா வந்து பாப்பியளா?"

நினைத்தபடியே ஒரு வருஷத்துக்கு நேசையனைச் சங்கத்திலிருந்து விலக்கி வைத்து உத்தரவு வந்தது. உப்பிலி அப்பீல் செய்யத் துடித்தார். நேசையன் வேண்டாம் என்றுவிட்டார். அந்த வருஷம் போட்டிகளுக்குப் போய்க் கயிற்றுக்கு வெளியே தேவகிருபையோடு நின்று வேடிக்கை பார்த்தார்; இத்தனை வருஷத்தில் ஒரு ஓட்டத்திலாவது நூலை விட்டுவிட்டு, ஓடுகிறவனைப் பார்த்தது இப்போதுதான் என்று சொல்லிக்கொண்டார். வருஷம் முடிந்ததும், மாகாணத்தில் எங்கே பெரிய போட்டி நடந்தாலும் மைதானத்தை அளந்து கையெழுத்துப் போடுவதற்கென்று ஒரு பதவியை ஏற்படுத்தி, அதில் அவரை வைத்தார்கள். சங்கையா கப்பலேறினான், போய் நாலாவதாக வந்தான்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. விலக்கி வைக்கப்பட்டிருந்த அந்த மே மாத விடுமுறையிலேயே நேசையன் புது எஃகு டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு தேவகிருபையோடு பெங்களூருக்கு ரயிலேறினார். பட்டாளத்து மைதானத்தில் சிப்பாய்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்க, ஒரு முனையைச் சங்கையா பிடிக்க, மறுமுனையை அவர் பிடிக்க, காலை முழுவதும் அளந்தார்கள். தேவகிருபை நோட்டில் கூட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

ஒரு சுற்றுக்கு மூன்று கெஜம் கூடுதல்.

சங்கையா டேப்பைக் கையில் பிடித்தபடியே மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டான். "அஞ்சு வருசமா," என்றான். "அஞ்சு வருசமா சார், தினமும் மைலுக்குப் பன்னெண்டு கெஜம் சும்மா ஓடியிருக்கேன்."

"சும்மா எங்கே ஓடுனே. அன்னைக்குக் கடைசிச் சுத்துலே காலு நீண்டது அதுனாலேதானே," என்றார் நேசையன். அவரும் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப்போட்டு, காலை நீட்டிக்கொண்டார்.